பயோமெடிக்கலா, பயாலஜியா, வரலாறா? விடை கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 18 வயது. வரும் அக்டோபரில் 19. ஆறு வயதில் அமெரிக்கா வந்தவர். டாக்டராக வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பள்ளி முடித்தவுடனே மருத்துவ இடத்தையும் உறுதிசெய்து தரும் பிஎஸ்-எம்டி திட்டங்களுக்கு விண்ணப்பித்தார்கள், கைகூடவில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது. அதே வளாகத்தின் கலை, அறிவியல் கல்லூரிக்கு மாறிக்கொள்ளவும் அனுமதி உண்டு. அப்பா இன்ஜினியரிங்கை விடக் கூடாது என்கிறார்: "மெடிசின் கிடைக்காட்டியும் ஒரு வேலை இருக்கும்." அம்மாவுக்கு பயாலஜிதான் நேர்வழியாகப் படுகிறது. மகள் கேட்பது வரலாறு. "டாக்டருக்குப் படிக்கப்போற பிள்ளை எதுக்கு ஹிஸ்டரி படிக்கணும்?" என்று திருச்சியிலிருந்து அத்தை போனில் கேட்டதோடு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏபியில், பயாலஜி, கெமிஸ்ட்ரி இரண்டிலும் அதிகபட்ச மதிப்பெண்ணான 5 இருப்பதால் மூன்றே ஆண்டில் டிகிரியை முடிக்கலாம் என்றும், கோடையில் மருத்துவமனையில் டாக்டருக்குக் குறிப்பெடுத்துத் தரும் ஸ்கிரைப் வேலைக்குப் போகலாம் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: "நாங்கள் இன்னும் எச்-1பிதான், ஐ-140 அப்ரூவ் ஆகி வரிசையில் இருக்கிறோம். இதனால் ஒன்றும் வராது என்று நினைக்கிறேன்." (எச்-1பி என்பது தற்காலிக வேலை விசா. ஐ-140 என்பது ஊழியரின் கிரீன் கார்டுக்காக, அதாவது நிரந்தரக் குடியிருப்புக்காக, நிறுவனம் அனுப்பும் மனு.)

அன்புச் சகோதரிக்கு,

மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டே முக்கால் பக்கம் மேஜரைப் பற்றி, அதாவது டிகிரியின் முதன்மைப் பாடத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கான பதில் நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். சிக்கல் அந்தக் கடைசி வரியில்தான். அதற்கு வருகிறேன். முதலில் மேஜர்.

நம் ஊரில் பிளஸ் டூ முடித்து நீட் எழுதி நேராக எம்பிபிஎஸ் சேர்கிறோம். அந்தப் பழக்கத்தில், இங்கேயும் நான்காண்டு டிகிரியே மருத்துவத்தின் முதல் பகுதி என்ற எண்ணம் பெற்றோருக்கு வந்துவிடுகிறது. இங்கே ப்ரீ-மெட் என்பது ஒரு மேஜர் அல்ல. எந்த மேஜரோடும் சேர்த்து எடுக்க வேண்டிய பாடங்களின் பட்டியல் அது. மருத்துவப் பள்ளிக்குப் பள்ளி சிறு வேறுபாடு இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: லேபோடு ஓராண்டு பயாலஜி, லேபோடு ஓராண்டு ஜெனரல் கெமிஸ்ட்ரி, அதன் மேல் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, லேபோடு ஓராண்டு பிசிக்ஸ், ஒரு செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி, புள்ளியியலோ கால்குலஸோ, ஆங்கிலம். மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்காக அறிமுக சைக்காலஜியும் சோஷியாலஜியும். இவை இருந்தால், டிகிரிச் சான்றிதழில் வரலாறு என்றிருந்தாலும் பயாலஜி என்றிருந்தாலும் சேர்க்கைக் குழுவுக்குக் கவலையில்லை.

அத்தைக்குச் சொல்ல ஒரு தகவல். எம்டி பட்டம் தரும் மருத்துவப் பள்ளிகளுக்கு (இங்கே எம்டிதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) ஆண்டுதோறும் ஏறத்தாழ 50,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், சேர்வோர் சுமார் 23,000. விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேல் உயிரியல் துறைக்காரர்கள். கலைப்பாடங்கள் படித்தவர்கள் எண்ணிக்கையில் சொற்பம். ஆனால் இடம் பெறும் விகிதத்தில் அவர்கள் உயிரியல்காரர்களைவிடப் பின்தங்குவதில்லை, சற்று முன்னேகூட இருக்கிறார்கள். வரலாறு படித்தால் இடம் எளிதில் கிடைக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தெளிவான முடிவோடு வருபவர்கள்தான் அந்த வழியில் கடைசிவரை நிற்கிறார்கள். வரலாறு எடுத்தால் கதவு மூடிவிடும் என்ற பயம் மட்டும் வேண்டாம்.

வரலாற்றால் கைமேல் கிடைக்கும் பயனும் ஒன்று உண்டு. எம்கேட்டில் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை மதிப்பெண். அதில் ஒன்று வாசிப்புப் பகுதி: ஒன்பது உரைப்பகுதிகள், 53 கேள்விகள், 90 நிமிடம். ஓர் உரைப்பகுதிக்குப் பத்தே நிமிடம். அறிவியல் அறிவு எதுவும் அங்கே உதவாது. மற்ற மூன்று பகுதிகளையும் சில மாதம் உட்கார்ந்து ஏற்றிவிடலாம், இது அவ்வளவு சீக்கிரம் ஏறாது. வாரம் நூறு பக்கம் படித்து, ஆசிரியர் என்ன வாதிடுகிறார் என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது பெரிய பாரமாக இருப்பதில்லை.

இன்ஜினியரிங் என்ற 'பேக்கப்'

உங்கள் கணவரின் கவலை நியாயமானது. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த மருந்துதான் பொருந்தவில்லை. பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கில் சர்க்யூட், மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், புரோகிராமிங் என்று பாடங்கள் முதல் செமஸ்டரிலிருந்தே வரிசைகட்டி நிற்கும். மொத்தம் 128 கிரெடிட்டை ஒட்டிப் போகும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியின் இரண்டாம் பாதி, பயோகெமிஸ்ட்ரி, சைக்காலஜி போன்றவை பல இடங்களில் அந்தத் திட்டத்துக்குள் வராது. கோடையிலோ, 18 கிரெடிட் செமஸ்டரிலோ திணிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எம்டி விண்ணப்பங்களைத் திரட்டும் ஆம்காஸ் அமைப்பு, பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் ஆகிய நான்கையும் தனியாகக் கூட்டி ஓர் அறிவியல் ஜிபிஏ (4.0-க்கான சராசரி மதிப்பெண்) போடும். இன்ஜினியரிங் பாடங்கள் பொதுவாக அந்தக் கணக்கில் சேராது, "மற்றவை" என்ற பெட்டிக்குள் போய்விடும். தெர்மோடைனமிக்ஸில் கஷ்டப்பட்டு வாங்கிய ஏ, அறிவியல் ஜிபிஏவைத் தூக்காது. அதே பாடத்தில் வாங்கிய சி, மொத்த ஜிபிஏவைக் கீழே இழுத்துவிடும். இன்ஜினியரிங் கடினம் என்று தெரிந்து கூடுதல் புள்ளிகளைச் சேர்த்துப் போட்டுப் பார்க்கும் சேர்க்கைக் குழு எதுவும் கிடையாது.

ஜிபிஏவின் கணக்கு இரக்கமில்லாதது. முதலாண்டில் 30 கிரெடிட்டுக்கு 3.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டாண்டும் அசந்துபோகிற அளவுக்குப் படித்து 60 கிரெடிட்டுக்கு 3.9 வாங்கினாலும், மூன்றாம் ஆண்டு முடிவில் நிற்பது 3.6. எம்டி பள்ளிகளில் சேர்பவர்களின் சராசரி 3.8-ஐ ஒட்டியும், எம்கேட் சராசரி 528-க்கு 512-ஐ ஒட்டியும் இருக்கிறது. தவறிய பாடத்தை மறுபடி எடுத்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பல்கலைக்கழகம் அழிக்கலாம், ஆம்காஸ் இரண்டையும் எண்ணும். ஆஸ்டியோபதி எனப்படும் டிஓ பள்ளிகளும் 2017-லிருந்து இரண்டையும் எண்ணுகின்றன.

வேலை விஷயத்திலும் ஒரு வார்த்தை. பயோமெடிக்கலில் வெறும் இளநிலையோடு வெளியே வருபவர்கள், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் முடித்தவர்களோடு அதே இடங்களுக்குப் போட்டி போடுகிறார்கள். நல்ல பதவிகள் பெரும்பாலும் முதுநிலையைக் கேட்கின்றன. உங்கள் மகளுக்கே இன்ஜினியரிங்கில் ஆசை இருந்தால் நான் தடுக்கமாட்டேன். கடிதம் முழுக்கத் தேடியும் அந்த ஆசை எனக்குத் தென்படவில்லை. விட்டால் திரும்ப நுழைவது கடினம் என்று அப்பா சொல்வது உண்மைதான். ஆனால் நுழையவே விரும்பாத கதவுக்கு அந்தக் கவலை எதற்கு?

ஏபி, மூன்றாண்டுக் கணக்கு

ஏபியில் 5 வாங்கியது பெருமைதான். ஆனால் பல மருத்துவப் பள்ளிகள் அடிப்படைப் பாடங்களுக்கு ஏபியை மட்டும் ஏற்பதில்லை, அதே துறையில் மேல்நிலைப் பாடம் கேட்கின்றன. ஆகவே பயாலஜியில் ஏபியைப் பயன்படுத்திக்கொண்டு, மேலே ஜெனெடிக்ஸ், பிசியாலஜி எடுக்கலாம். கெமிஸ்ட்ரியில் ஏபியை விட்டுக்கொடுத்து, கல்லூரியிலேயே ஜெனரல் கெமிஸ்ட்ரியை லேபோடு முதலிலிருந்து எடுக்கச் சொல்வேன். ஆர்கானிக் முழுக்க அந்த அடித்தளத்தில் நிற்கிறது, ஏபிக்கு ஜிபிஏவில் மதிப்பெண்ணும் கிடையாது. ஒரே பாடத்துக்கு ஏபி கிரெடிட்டும் கல்லூரி கிரெடிட்டும் சேர்த்து வாங்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாண்டில் முடிப்பது பணத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அப்படி முடிப்பவர்கள் நேராகச் சேர நினைத்தால் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அப்போது கையில் இருப்பது நான்கு செமஸ்டர் மதிப்பெண்ணும், அரைகுறை எம்கேட் தயாரிப்பும், சில மாத மருத்துவமனை அனுபவமும்தான். மருத்துவப் பள்ளியில் சேர்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் டிகிரிக்குப் பிறகு ஓராண்டாவது இடைவெளி விட்டே சேர்கிறார்கள். அவசரத்துக்கு இங்கே தனிப் பரிசு இல்லை.

முதல் செமஸ்டரை எப்படி அமைப்பது? லேபோடு ஜெனரல் கெமிஸ்ட்ரி, புள்ளியியல், எழுத்துப் பயிற்சி வகுப்பு, ஒரு வரலாற்றுப் பாடம். மொத்தம் 14 அல்லது 15 கிரெடிட். லேப் உள்ள பாடம் ஒன்றே போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் மூன்றையும் முதல் செமஸ்டரில் சேர்த்து எடுத்த பிள்ளைகளைத்தான் அக்டோபரில், முதல் மிட்டெர்ம் முடிந்த வாரத்தில், ஆலோசகர் அறை வாசலில் பார்க்கலாம். இரண்டாம் ஆண்டு ஆர்கானிக்கும் ஜெனெடிக்ஸும். மூன்றாம் ஆண்டு பிசிக்ஸும் பயோகெமிஸ்ட்ரியும். பயோகெமிஸ்ட்ரி முடியாமல் எம்கேட் எழுத வேண்டாம்.

இதுவரை எழுதியது பொதுவான பதில். கிரீன் கார்டு இருந்திருந்தால், "வரலாறு எடுக்கட்டும், அத்தையிடம் நான் பேசுகிறேன்" என்று இங்கேயே முடித்திருப்பேன்.

அந்தக் கடைசி வரி

உங்கள் மகள் எச்-4, அதாவது எச்-1பியில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசாவில் இருப்பவர். ஆறு வயதிலிருந்து இங்கே வளர்ந்திருந்தாலும், மருத்துவப் பள்ளி விண்ணப்பத்தில் வெளிநாட்டு மாணவர். பெரும்பாலான எம்டி பள்ளிகள் கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்க்கும் பள்ளிகளிலும் போட்டி இன்னும் கடுமை. அதற்கு மேல், 21 வயது ஆனதும் எச்-4 போய்விடும். வரும் அக்டோபரில் 19 என்றால், மூன்றாம் ஆண்டு தொடங்கி இரண்டு மாதம் ஆகும் முன்பே அந்தப் பிறந்தநாள் வருகிறது. ஆர்கானிக் முடித்து, எம்கேட் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அது.

வேலை வழி கிரீன் கார்டுப் பிரிவுகளான இபி-2, இபி-3 இரண்டிலும் இந்தியர்களுக்கான வரிசை பத்தாண்டுக்கு மேல் நீள்கிறது. பிள்ளையின் வயதைக் கணக்கிடும்போது ஐ-140 பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது சில மாதங்களைத்தான் மீட்டுத் தரும். தவிர, 2025 ஆகஸ்ட் 15-லிருந்து அந்தக் கணக்கை, அரசு மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினின் இறுதி நடவடிக்கைத் தேதியை வைத்தே போடுகிறார்கள். அது முன்பைவிடப் பாதகமானது. உங்கள் முன்னுரிமைத் தேதியை, அதாவது கிரீன் கார்டு வரிசையில் இடம் பிடித்த தேதியை, நீங்கள் எழுதவில்லை. அந்த ஒரு தேதி தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இனி மேஜருக்குத் திரும்பலாம், ஏனென்றால் இந்த இடத்தில்தான் மேஜர் முக்கியமாகிறது. வரிசை நகராவிட்டால் 21 வயதுக்கு முன் மகள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். டிகிரி முடித்த எஃப்-1 மாணவருக்கு, படித்த துறையோடு தொடர்புள்ள வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி 12 மாதம் கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்ப மேஜர் என்றால் மேலும் 24 மாதம். வரலாற்றுக்கு அந்த நீட்டிப்பு இல்லை.

தேதிகளை வைத்துப் பாருங்கள். மே மாதம் பட்டம். ஜூனில் மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பம். இடம் கிடைத்தால் சேர்வது அடுத்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட்டில். ஜூலையில் ஓபிடி தொடங்கினால் அடுத்த ஜூலையில் முடிகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சுற்றுக்குப் போதும். முதல் சுற்றில் இடம் கிடைக்காவிட்டால், வரலாற்று மாணவருக்கு நாட்டில் இருந்து மறுபடி விண்ணப்பிக்க நேரமில்லை. பயாலஜி மாணவருக்கு, ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசு அமைப்பான இ-வெரிஃபையில் பதிவான ஆய்வகமோ மருத்துவமனையோ வேலைக்கு எடுத்திருந்தால், இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. இரண்டாம் முறை விண்ணப்பித்து இடம் பெறுவது இந்தத் துறையில் சாதாரணம். உங்கள் கணவர் தேடும் பேக்கப் இந்த 24 மாதம்தான். அதைப் பெற இன்ஜினியரிங் தேவையில்லை.

ஆகவே என் யோசனை: பயாலஜியில் பிஏ, கூடவே வரலாறு இரண்டாம் மேஜராக. பிஎஸ்ஸை விட பிஏவுக்குப் பொதுவாகக் கட்டாயப் பாடங்கள் குறைவு, வரலாற்றுக்கு இடம் கிடைக்கும். பாரம் கூடினால் வரலாற்றை மைனராக, அதாவது துணைப் பாடமாகக் குறைத்துக்கொள்ளலாம். இரட்டை மேஜரைப் பார்த்து மருத்துவப் பள்ளிகள் தனியாக மகிழ்வதில்லை, அதற்காக ஜிபிஏவைப் பலி கொடுக்க வேண்டாம். மேஜரை அறிவிக்கக் கலை, அறிவியல் கல்லூரியில் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிவுவரை நேரம் இருக்கும். அதற்குள் கிரீன் கார்டு வந்தால் பயாலஜியை விட்டுவிட்டு முழுக்க வரலாற்றுக்கே போகலாம், ப்ரீ-மெட் பாடங்கள் அப்படியே கைவசம் இருக்கும்.

இப்போதே திருத்த வேண்டியவை

கோடை ஸ்கிரைப் வேலை கூடாது. எச்-4 ஈஏடி வேலை அனுமதி உங்களுக்கு இருக்கலாம், அது கணவன் அல்லது மனைவிக்கானது, பிள்ளைகளுக்கு இல்லை. சம்பளம் வாங்கும் எந்த வேலையும் மகளின் விசாவைக் கெடுக்கும். மற்றவர்கள் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை "சும்மா செய்கிறேன்" என்று செய்வதும் ஆபத்து. மருத்துவமனைத் தன்னார்வப் பிரிவு, இறுதிக்காலப் பராமரிப்பு தரும் ஹாஸ்பிஸ், டாக்டர் கூடவே நின்று பார்க்கும் ஷேடோயிங், இவை பாதுகாப்பானவை. வாரம் மூன்று நான்கு மணி நேரம், இடைவிடாமல் இரண்டு ஆண்டு போனால் போதும். ஆராய்ச்சி அனுபவத்துக்கு, தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் நிதியில் நடக்கும் கோடை ஆய்வுத் திட்டங்கள் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கேட்கும். சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் கிரெடிட்டுக்காகச் சேர்வது நல்ல வழி.

பணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கூட்டரசின் கல்விக் கடன் எச்-4, எஃப்-1 மாணவர்களுக்கு இல்லை. பல தனியார் மருத்துவப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும். வெளிநாட்டு மாணவர் என்றால் ஓராண்டு முதல் நான்காண்டு வரையிலான தொகையை முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டச் சொல்லும் பள்ளிகள் உண்டு. தனியார் கடனுக்கு பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் உடன் கையெழுத்திட வேண்டும். கிரீன் கார்டு வந்தாலும், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்குக் கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 200,000 டாலர்தான். ஆகவே இளநிலைக்காக வீட்டுச் சேமிப்பை முழுதும் கரைக்காதீர்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தது நல்ல முடிவு. எஃப்-1-க்கு மாறினால் உள்மாநிலக் கட்டணம் தொடருமா என்பதை மட்டும் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் எம்பிபிஎஸ் என்ற வழி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் அங்கே படித்துவிட்டு இங்கே திரும்ப யுஎஸ்எம்எல்இ என்ற மருத்துவ உரிமத் தேர்வுகள், பிறகு மருத்துவமனைப் பயிற்சி இடம் ஒதுக்கும் ரெசிடென்சி மேட்ச். இங்கே எம்டி முடிப்பவர்களில் ஏறத்தாழ 93 சதவீதம் பேருக்கு மேட்ச் கிடைக்கிறது, வெளிநாட்டில் படித்த, குடியுரிமை இல்லாதவர்களில் 58 சதவீதத்தை ஒட்டித்தான். மகள் இந்தியாவிலேயே பணிபுரிய விரும்பினால் அது வேறு கணக்கு. அதை அவரிடமே கேளுங்கள்.

எம்டி பள்ளிகளின் கூட்டமைப்பான ஏஏஎம்சி, எம்எஸ்ஏஆர் என்ற தரவுத் தளத்தைக் கட்டணத்துக்குத் தருகிறது. எந்தப் பள்ளி வெளிநாட்டு மாணவர்களை ஏற்கிறது, எது ஏபியை ஏற்கிறது என்று பள்ளிவாரியாக அதில் இருக்கும். மகளையே உட்கார்ந்து ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் கொள்கை மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

விசா விஷயத்தில் நான் சொன்னது எச்சரிக்கை அளவுக்குத்தான், தீர்ப்புக்குக் குடியேற்ற வழக்கறிஞர் வேண்டும். கணவரின் நிறுவன வழக்கறிஞர் நிறுவனத்துக்காகப் பேசுபவர். தனியாக ஒருவரிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்து உட்காருங்கள். ஐ-140 அனுப்பிய தேதி, அப்ரூவ் ஆன தேதி, முன்னுரிமைத் தேதி, மகளின் பிறந்த தேதி நான்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியவை மூன்று: சட்டப்படி மகளின் வயது எந்தத் தேதியில் 21 ஆகிறது, எஃப்-1-க்கு மாற எந்த மாதத்துக்குள் ஐ-539 படிவம் அனுப்ப வேண்டும், கிரீன் கார்டு வரிசையில் பெயர் இருப்பது அந்த எஃப்-1 விண்ணப்பத்தைப் பாதிக்குமா. கல்லூரி ஓரியன்டேஷனுக்கு முன் இதை முடித்துவிடுங்கள். பாடம் பதிவு செய்வது அன்றைக்குத்தான்.